கடைசி பஸ்ஸும் நிற்காத பஸ்ஸும்

'மெய்யழகன்' படத்தை நான் பார்த்தது பஸ்ஸில். காலையில் உடன்குடியில் ஏறினால் பரமன்குறிச்சி வழியாகத் திருச்செந்தூர் போய்ச் சேரும்வரை ஒரு துண்டு, சாயங்காலம் காலேஜ் விட்டு வரும்போது அடுத்த துண்டு. வழியில் டவர் போகும், வரும். அதனால முந்தின நாள் ராத்திரியே போனில் இறக்கி வைத்துக்கொள்வேன். படம் 2024 செப்டம்பர் கடைசியில் தியேட்டருக்கு வந்தபோது எங்களுக்கு இன்டர்னல் பரீட்சை. ஒரு மாதம் கழித்து நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் நாலு நாளில், எட்டுத் துண்டாகப் பார்த்து முடித்தேன். இயக்குநர் பிரேம்குமாருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். அப்படித் துண்டு துண்டாகப் பார்க்கிற படம் இல்லை அது.

அரவிந்த்சாமி கடைசி பஸ்ஸை விட்டுட்டு நிற்கிற இடம் வந்தபோது நான் ஒரு கையில் கம்பியையும் இன்னொரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒரு மாதிரி பார்த்தாங்க. அந்த மனுஷனுக்குக் கடைசி பஸ் போனதால் ஒரு ராத்திரி முழுக்க அன்பு கிடைக்கிறது. சாப்பாடு, பேச்சு, பழைய சைக்கிள் கதை, படுக்க இடம். எங்க ஊர்ல ஒரு பொண்ணு கடைசி பஸ்ஸை விட்டா என்ன கிடைக்கும்? அம்மாகிட்ட இருந்து பன்னிரண்டு போன், கூட்டிட்டுப் போக பைக்கில் வந்து இறங்குற மாமாவோட மூஞ்சி, மறுநாள் தெருவில் நாலு கேள்வி.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தத் தமிழ்ப் படம் பார்த்தாலும் அதில் பஸ் எங்கே வருது, யார் ஏறுறாங்க, யார் இறங்குறாங்க, யாருக்கு நிக்குதுன்னு கவனிக்கிறேன். தினமும் ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் கழிக்கிறவளுக்கு இது ஒரு பொழுதுபோக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். போகப் போக அது அப்படி இல்லாமல் ஆகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்குதான்.

*

முதலில் 'மெய்யழகன்'. எனக்குப் பிடித்த படம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சொந்த வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன அருள்மொழி, 22 வருஷம் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். அங்கே ஒருத்தன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் யாரென்று அருளுக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். இவ்வளவு அன்பு காட்டுறவனோட பேர்கூடத் தெரியலையேங்கிற குற்ற உணர்ச்சி ராத்திரி முழுக்கக் கூடிக்கொண்டே போகிறது. விடியறதுக்கு முன்னால் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். கடைசியில்தான் அந்தப் பெயர் கிடைக்கிறது.

பெயர் தெரியாமல் அன்பு செய்ய முடியும் என்பது எவ்வளவு அழகான விஷயம். படம் முடிந்து ரெண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். மூணாவது நாள்தான் உறைத்தது. பெயர்தானே தெரியாது? "அத்தான்" என்ற சொல் முதல் காட்சியிலேயே வந்துவிட்டதே. எங்க பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் அண்ணன் என்று கூப்பிடலாம். கடைக்காரர் அண்ணன், டிரைவர் அண்ணன், கண்டக்டர் அண்ணன். அத்தான் என்று கூப்பிட முடியுமா? அந்தச் சொல்லுக்குக் கல்யாண உறவு வேண்டும். கல்யாண உறவு என்றால் ஜாதி வேண்டும். அதாவது, "நீ யாரு?" என்ற கேள்வி அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலிலேயே கேட்கப்பட்டு, பதில் சரிபார்க்கப்பட்டு, அதற்கப்புறம்தான் ரெண்டு பேரும் உள்ளே வந்திருக்கிறார்கள். மீதி இருந்தது பெயர் மட்டும்தான். அதை மறக்கிற சொகுசு அருளுக்கு இருந்தது.

இது படத்தின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. சொந்தக்காரங்களைப் பற்றிய படத்தில் சொந்தக்காரங்கதான் இருப்பாங்க. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "மண்ணோட வாசனை", "கிராமத்து மனசு" என்று நாம் எழுதிய பதிவுகளில், நான் எழுதியதும் சேர்த்துத்தான், இந்த வாசல் எங்கேயுமே வரவில்லை. 2025 அக்டோபர் 1 அன்று வந்த தனுஷின் 'இட்லி கடை'யும் ஊருக்குத் திரும்புகிறவனின் கதைதான். திரும்பி வருகிறவனுக்கு ஊர் எப்போதும் அழகாக இருக்கிறது. தினமும் ஊரிலிருந்து கிளம்பி, தினமும் திரும்பி வருகிறவளுக்கு அந்த வசதி இல்லை. நான் போகிற தூரம் ஏங்குவதற்குப் போதாது.

*

'கர்ணன்' (2021) இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அங்கே பஸ்ஸே நிற்காது.

பொடியன்குளத்துக்கு பஸ் ஸ்டாப் கிடையாது. வலிப்பு வந்த குழந்தை ரோட்டில் கிடக்கிறது. வண்டிகள் பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கின்றன. கல்லூரியில் இடம் கிடைத்த பெண் பஸ் ஏறுவதற்காக அப்பாவோடு அடுத்த ஊர் ஸ்டாப்புக்குப் போகிறாள். அங்கே நிற்கிற பசங்க அவளைச் சீண்டுகிறார்கள். கடைசியில் ஒரு கர்ப்பிணி காத்து நிற்க, பஸ் நிற்காமல் போக, அவளுடைய சின்ன மகன் கல்லெடுத்து எறிகிறான். அந்தக் கல்லுக்கு அப்புறம் நடப்பதுதான் மீதிப் படம். 1995-இல் இதே தூத்துக்குடி மாவட்டத்தில் கொடியங்குளத்தில் போலீஸ் நடத்திய வன்முறையின் நினைவு அதன் பின்னால் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நட்டி நடித்த போலீஸ் அதிகாரிக்குக் கோபம் வரும் இடம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த ஊர்க்காரர்களின் பெயர்களைக் கேட்கக் கேட்க அவருக்கு எரிகிறது. கர்ணன், துரியோதனன் என்றெல்லாம் இவர்கள் எப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம்? 'மெய்யழக'னில் பெயர் தெரியாததால் ஒருவர் அழுகிறார். 'கர்ண'னில் பெயர் தெரிந்ததால் ஒருவர் அடிக்கிறார். இந்த ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் "நீ யாரு?" என்ற ஒரே கேள்விக்கு ரெண்டு வேறு கதவு இருக்கிறது என்று புரியும். யாருக்கு எந்தக் கதவு என்பதுதான் முதலிலேயே முடிவாகியிருக்கிறது.

2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' இதற்கு மூன்றாவது கதவு ஒன்றைத் திறந்து பார்த்தது. இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம் சென்னையில் ஒரு காலனியில் கேரளாக்காரர்கள் என்று சொல்லி ஒளிந்து வாழ்கிறது. கடைசியில் போலீஸ் வந்து கேட்கும்போது காலனியே அவர்களுடைய தமிழில் பேசிக் காப்பாற்றுகிறது. தியேட்டரில் எல்லாரும் கைதட்டினோம். கடல் தாண்டி வந்த குடும்பத்துக்காகக் கைதட்டுவது எங்களுக்கு சுலபம். அடுத்த தெருக்காரங்களுக்காகத் தட்டணும்னாதான் கஷ்டம்.

*

என் பஸ் இந்த எந்தப் படத்திலும் இல்லை.

எங்கள் கடற்கரைக்கு சினிமா வந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கிற மணப்பாட்டில் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012) எடுத்தார்கள். மணிரத்னத்தின் 'கடல்' (2013) எடுத்தார்கள். மணல் மேட்டு மேல் நிற்கிற அந்தத் தேவாலயத்தையும் கீழே கடலையும் பார்த்தால் யாருக்கும் கேமராவை வைக்கத் தோன்றும். கேமரா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் முதுகுப் பக்கமாக டவுன் பஸ் போய்க்கொண்டிருந்திருக்கும்.

அந்த பஸ்ஸில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் முன்பெல்லாம் வீட்டைவிட்டு வெளியே வராத ஆச்சிமார்கூட இப்போது திருச்செந்தூருக்கு, ஆஸ்பத்திரிக்கு, மகள் வீட்டுக்கு என்று கிளம்பிவிடுகிறார்கள். கருப்பட்டிப் பெட்டி ஏறுது, முருங்கைக்காய்க் கட்டு ஏறுது, மீன் கூடை ஏறுது. எல்லாத் தெருப் பெண்களும் ஒரே சீட்டில் உட்கார்கிறார்கள். நூறு வருஷமாக யாரும் பிரசங்கம் பண்ணி நடக்காததை ஒரு காசில்லாத டிக்கெட் செய்துவிட்டது என்று எங்கள் வகுப்பில் ஒரு செமினாரில்கூடப் பேசினேன்.

பேசிவிட்டு அதே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன். உட்கார்ந்ததும் பக்கத்து ஆச்சி கேட்டாள்: "யாரு மவட்டி நீ?"

இந்தக் கேள்வியை எங்கள் ஊர்ப் பக்கம் கேட்காத ஆச்சி கிடையாது. கேட்கும்போது கையைப் பிடித்துக்கொள்வாள். பதில் சொன்னால், உங்க ஆச்சியும் நானும் ஒண்ணா ஓலை முடஞ்சோம், உங்க தாத்தா பனையேறிட்டு வாரப்போ எங்க வீட்டுத் திண்ணையிலதான் உக்காருவாரு என்று ஆரம்பித்து, இறங்குவதற்குள் உங்களை ஒரு வம்சத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள். அவ்வளவு பிரியம். அதே கேள்விதான் சல்லடையும். அப்பா பேர் போதவில்லை என்றால் தெரு. தெரு போதவில்லை என்றால் கோயில். எப்படியும் ரெண்டு நிறுத்தத்துக்குள் விடை வந்துவிடும். என் ஜாதியை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் பனை, ஓலை என்று மேலே ரெண்டு வார்த்தை படித்ததுமே எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யூகித்திருப்பார்கள். அப்படி யூகிக்க முடிகிறது என்பதுதான் என் விஷயமே.

பையன்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். மணிக்கட்டில் கயிறு, கயிற்றுக்கு ஒரு கலர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றைக் கழற்றலாம். "எந்தத் தெரு?" என்பதை எந்த அறிக்கையால் கழற்ற முடியும்?

*

2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பிளஸ் ஒன் மாணவன் பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸை மறித்து, அவனை இறக்கி, கைவிரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் இவன் அணி ஜெயித்ததில் வந்த பகை என்று குடும்பத்தார் சொன்னார்கள். கைதானவர்களும் சிறுவர்களே.

அன்று சாயங்காலம் எங்கள் பஸ்ஸில் எல்லாரும் போனில் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் யாரிடமும் அதைப் பேசவில்லை. பேசினால் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து அந்த பஸ் அவ்வளவு அமைதியாக இருந்த நாள் அதுதான்.

ஏழு மாதம் கழித்து, தீபாவளிக்கு முன்னால், அக்டோபர் 17 அன்று மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தது. 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்த, எங்கள் மாவட்டத்துக்காரரான மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. அதிலும் ஒரு பஸ் வருகிறது. கிட்டானும் அவன் அப்பாவும் ஆட்டோடு பஸ்ஸில் போகிறார்கள். ஆடு ஒருத்தர் மேல் மூத்திரம் போய்விடுகிறது. ஆட்டுக்கு ஜாதி தெரியாது, நனைந்தவருக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த பஸ் ரத்தக்களம் ஆகிவிடுகிறது. தியேட்டரில் அந்தக் காட்சியின் ஆரம்பத்தில் சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த நொடியில் நின்றது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பசுபதியின் முகம் அதற்குக் காரணம். பயந்து பயந்தே பழகிப்போன ஒரு அப்பா, மகன் ஜெயித்துவிடக்கூடாதே என்று பயப்படும் முகம். மார்ச் மாத அமைதிக்கு அப்புறம் அந்த முகத்தை என்னால் வெறும் நடிப்பாகப் பார்க்க முடியவில்லை.

இருந்தாலும் எனக்கு ரெண்டு சங்கடம் உண்டு. ஒன்று, காலம். 'பைசன்' 90களின் கதை. 'வாழை'யும் 90களின் கதை. 'கர்ண'னும் 90களின் கதை. நடந்ததைச் சொல்கிற இயக்குநருக்கு நடந்த காலத்தைச் சொல்லும் உரிமை இருக்கிறது. ஆனால் பார்க்கிற எங்களுக்கு அந்தக் காலம் ஒரு நிழற்குடை மாதிரி ஆகிவிடுகிறது. "அப்போ எப்படி இருந்திருக்கு பாரு" என்று இன்டர்வெலில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டே சொல்ல முடிகிறது. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தர் இதே வார்த்தையைச் சொன்னார். மார்ச் மாதம் நடந்தது எந்தக் காலம்?

இன்னொன்று, கிட்டான். அவன் அசாதாரணமானவன். இந்த மண்ணில் அவனை அழிக்கப் பார்த்தாலும் ஜப்பான் வரைக்கும் போய்விடுகிறான். ஸ்ரீவைகுண்டம் பையன் ஜெயித்தது உள்ளூர் மேட்ச். அசாதாரணமாக இல்லாதவர்கள் என்ன செய்வது? தங்கம் வாங்கினால்தான் பஸ்ஸில் நிம்மதியாக உட்காரலாமா? இந்தக் கேள்வி மாரிக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விளையாட்டுப் படம் என்ற வடிவம் ஜெயிப்பில்தான் முடிந்தாக வேண்டும். அந்த வடிவத்தின் வெளிச்சத்தில் தோற்றவர்கள் தெரிவதில்லை.

*

அதனால்தான் அவர் படங்களில் எனக்கு 'வாழை' (2024) மேலே நிற்கிறது. அதில் யாரும் ஜெயிப்பதில்லை. அதில் முக்கியமான வண்டி பஸ் இல்லை, லாரி.

சிவனைந்தானுக்கு லீவு நாள் என்றால் பயம். லீவு நாளில் காய் சுமக்கப் போக வேண்டும். படம் அந்தச் சுமையை நமக்குச் சொல்வதில்லை, காட்டிக்கொண்டே இருக்கிறது. தாரைத் தூக்கித் தலையில் வைக்கிறது, சேற்றில் கால் புதைகிறது, வரப்பு வழுக்குகிறது, கழுத்து வலிக்கிறது. திரும்பத் திரும்ப. நடுவில் ரஜினி–கமல் சண்டை, டீச்சர் மேல் ஒரு மயக்கம், சிரிப்பு. ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்கு அப்புறமும் தார் இருக்கிறது. ஒரு தாருக்கு ஒரு ரூபாய் என்பதை ரெண்டு ரூபாயாகக் கேட்கிறார்கள். கிடைத்தும் விடுகிறது. அந்த ஒரு ரூபாயை வேறு பக்கம் மிச்சம் பிடிக்க, ஆட்களுக்குத் தனி வண்டி இல்லாமல் காய் ஏற்றிய லாரி மேலேயே ஏற்றுகிறார்கள். லாரி கவிழ்கிறது. எந்த வில்லனும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. ஒரு ரூபாய்க் கணக்கு, அவ்வளவுதான்.

படம் வந்த சமயத்தில், இதே மாவட்டத்து எழுத்தாளர் சோ. தர்மன் ரொம்ப முன்னாலேயே எழுதிய 'வாழையடி' கதையோடு இது ஒத்துப்போகிறது என்று ஒரு சர்ச்சை ஓடியது. யார் முதலில் என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரே மாவட்டத்தில் ஒருத்தர் எழுதவும் ஒருத்தர் படமெடுக்கவும் வேண்டியிருக்கிறது என்றால், எத்தனை பிள்ளைகள் அந்தத் தாரைத் தூக்கியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

'வாழை' வெளியான அதே ஆகஸ்ட் 23 அன்றுதான் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் வந்தது. பெண்களுக்கான பஸ்ஸைத் தேடினால் எனக்கு அந்த ஆட்டோதான் கிடைக்கிறது. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். அவள் அநேகமாகப் பேசுவதே இல்லை. வழியில் ஆட்டோவைத் திருப்ப இடமில்லாமல் ஆம்பளைகள் எல்லாரும் சேர்ந்து அதைத் தூக்கித் திருப்புகிறார்கள். அவள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் பார்த்தவரை ஒரு பெண்ணின் நிலைமையை இதைவிடச் சின்னதாக யாரும் சொல்லவில்லை. பின்னணி இசை இல்லாத படம். எங்கள் பஸ்ஸிலும் அப்படித்தான். அடி விழும் முன்னால் எந்த வயலினும் வாசிக்காது.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயசான அம்மாவை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் அழுது கேள்வி கேட்ட வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். முதலமைச்சர் வரைக்கும் பேசினார்கள், நடவடிக்கை எடுத்தார்கள். வீடியோ இருந்ததால் அது செய்தி. எங்கள் பஸ்ஸில் மீன் கூடை ஏறும்போது சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்கிற பெண்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை. அதில் எடுக்க ஒன்றும் இல்லை.

*

வருஷத்தில் பத்து நாள் மட்டும் எங்கள் பஸ் மாறிவிடும். குலசை தசரா.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, வேஷம் கட்டி, தர்மம் எடுப்பார்கள். காளி, ராஜா, போலீஸ், குரங்கு, குறத்தி. அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரம் ஒரு காளி உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் பக்கத்தில் ஒரு தடவை காளி உட்கார்ந்தது. முகமெல்லாம் சிவப்பு, மடியில் கிரீடம். ஆண் என்பது குரலில் தெரிந்தது. பக்கத்து ஆச்சி அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "அம்மா, எம் பேரனுக்கு வேல கெடைக்கணும்" என்றாள். யாரு மவன், எந்தத் தெரு என்று கேட்கவே இல்லை. தனக்குத் தெரியாத ஒருத்தரின் காலை அவள் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

2025-இல் அக்டோபர் 2 நள்ளிரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்தது. காப்பு கழற்றினார்கள். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் முகம் கழுவிய அண்ணன்மார் ஏறினார்கள். யார் காளியாக இருந்தார், யார் குரங்காக இருந்தார் என்று தெரியவில்லை. ஆச்சி திரும்பவும் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

*

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று.

'பைசன்' பார்த்துவிட்டு வந்த ராத்திரி நான் ஸ்டேட்டஸ் வைத்தேன். பத்து வரி, கொஞ்சம் கோபமாக. 47 பேர் பார்த்தார்கள், நாலு பேர் இதயம் போட்டார்கள். தீபாவளி லீவு முடிந்து காலேஜ் திறந்த ஒரு திங்கட்கிழமை, பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. நடுவில் எங்கள் ஆச்சிக்குத் தெரிந்த அந்த ஆச்சி. மடியில் பொட்டலம், மகள் வீட்டுக்குச் சில்லுக்கருப்பட்டி கொண்டு போகிறாள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றி நான் சொன்னேன். "அது என்னத்துக்கு, நமக்குத் தெரியாதா நம்ம கருப்பட்டி" என்று சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து, சுக்கு மணக்கிற ஒரு சில்லை என் கையில் வைத்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பிள்ளை ஏறி ஓர சீட்டில் உட்கார்ந்தது. பிளஸ் டூ படிக்கும் போல. ஆச்சி அதன் கையையும் பிடித்தாள்.

"யாரு மவட்டி நீ?"

அது அப்பா பேரைச் சொன்னது. ஆச்சிக்குப் பிடிபடவில்லை.

"எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் ஆச்சி."

"பஸ் ஸ்டாண்டு பக்கமின்னா?"

"இங்கனதான்" என்று சொல்லிவிட்டு அது வெளியே பார்க்க ஆரம்பித்தது. ஆச்சி கையை எடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முகம்கூட மாறவில்லை. காலடியில் இருந்த பையை எடுத்து ரெண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. பஸ் உடையவில்லை, யாரும் கல்லெறியவில்லை. எந்த இயக்குநரும் இதை ஒரு காட்சி என்று நினைக்கமாட்டார். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆச்சிக்கும் தெரியும்.

ஹலிதா ஷமீமின் 'சில்லுக்கருப்பட்டி' (2019) படத்தில் 'காக்கா கடி' என்று ஒரு கதை. சென்னையில் ஷேர் டாக்ஸியில் தினமும் சந்திக்கிற ரெண்டு பேர். யார் மகன், யார் மகள் என்று கேட்காமலே ஒட்டிக்கொள்கிறார்கள். காக்கா கடி என்றால் தெரியும்தானே? மிட்டாய் மேல் துணியைப் போட்டுக் கடித்து, எச்சில் படாமல் பாதியை அடுத்தவருக்குக் கொடுப்பது. சின்ன வயதில் நாங்கள் எல்லாருமே செய்ததுதான். அந்தச் சில்லு என் கையில்தான் இருந்தது. துப்பட்டாவில் வைத்து ஒரு கடி கடித்து, ஆச்சிக்கு முன்னால் கையை நீட்டி, பாதியை அந்தப் பிள்ளையிடம் கொடுத்திருக்கலாம். ஒரு முழம் தூரம். நீட்டினால் ஆச்சி என்ன நினைப்பாள், வீட்டில் போய் என்ன சொல்வாள், அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் சங்கடமாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே திருச்செந்தூர் வந்துவிட்டது. நான் போனைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

வெடிக்கிற நாளைக் காட்ட நமக்கு நல்ல இயக்குநர்கள் இருக்கிறார்கள். அந்த நாளுக்காக அழுகிறோம், ஸ்டேட்டஸ் வைக்கிறோம். வெடிக்காத நாள் முழுக்க என்னை மாதிரி ஆட்களால்தான் ஓடுகிறது. அதை யாராவது படமாக எடுத்தால் கதாநாயகி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மாரி செல்வராஜ் படம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் வீட்டில் பையைத் திறந்தால் அந்தச் சில்லு பேப்பரோடு ஒட்டிப் போயிருந்தது. "யாரு தந்தா?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். "நல்ல பொம்பள அவ" என்றாள். நல்ல பொம்பளைதான்.

அந்தப் பிள்ளை இன்றைக்கும் அதே பஸ்ஸில்தான் வருது. நான் இன்னும் பேசவில்லை.